மனுவில் நடக்கிற ஆள்

என் தங்கைக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு மனுக்கா என்று பெயர். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில், மாடிப்படி திரும்பும் இடத்துக்குக் கீழே, மூன்றடிக்கு இரண்டடி மடக்கு மேசை ஒன்றைப் போட்டு, இருபத்தாறு வருடமாக மற்றவர்களுக்கு மனு எழுதித் தருகிறாள். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவன். மருந்துக் கிடங்கில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவளை எனக்கு ஐம்பத்து நான்கு வருடமாகத் தெரியும் என்பது ஒன்றுதான்.

அவளிடம் வருகிறவர்கள் வரும்போதே களைத்துப் போயிருப்பார்கள். மூன்று கவுண்டரில் நின்று, நான்காவதில் "எழுதிக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். வந்ததும் மேசைக்கு எதிரில் உள்ள முக்காலியில் உட்கார்ந்து கொட்டத் தொடங்குவார்கள். பாப்பா அப்போது எழுத மாட்டாள். பேனாவின் மூடியைக் கூடத் திறக்க மாட்டாள். அவர்கள் ஒரு பாட்டம் பேசி ஓயும் வரை காத்திருப்பாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"சரி. இதுல நீங்க யாரு?"

முதல் தடவை கேட்பவர்களுக்குக் கோபம் வரும். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் ஒழுகுகிறது. அரைமணி நேரம் மேல்வீட்டுக்காரரைப் பற்றியே பேசினார். பாப்பா வழக்கம் போலக் கேட்டாள்.

"நான் யாருன்னா? நான்தானே மனு கொடுக்க வந்திருக்கேன்!"

"அப்படியாக்கா? நான் நீங்க மேல்வீட்டுக்காரருக்கு வாழ்க்கை வரலாறு எழுத வந்தீங்கன்னு நினைச்சேன்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க! அந்தாளு எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சாத்தானே ஆபீஸ்ல நடவடிக்கை எடுப்பாங்க?"

"அவர் எத்தனை மணிக்கு வர்றார், என்ன செருப்பு போடறார், எப்படிச் சிரிக்கிறார், எல்லாம் சொல்லிட்டீங்க. தண்ணி எங்க ஒழுகுதுன்னு சொல்லவே இல்லையே."

அந்த அம்மா கொஞ்சம் அடங்கினார். "என் கட்டில் மேலதான்."

"அப்ப எங்க படுக்கறீங்க?"

"சமையலறையில. ஏழு மாசமா, அடுப்புக்குக் கீழ காலை நீட்டிக்கிட்டு."

பாப்பா பேனாவைத் திறந்தாள். அந்த மனு ஒன்பது வரி. முதல் வரியில் அந்த அம்மா சமையலறையில் படுத்திருந்தார். மேல்வீட்டுக்காரர் ஏழாவது வரியில்தான் வந்தார், அதுவும் வீட்டு எண்ணாக.

எனக்கு அவள் இதை விளக்கியிருக்கிறாள். "ஒரு மனுவுல ஒருத்தர்தான் நடக்கணும் அண்ணே. மத்தவங்க எல்லாம் அவர் போற வழியில நிக்கறவங்க. நடக்கறது யாருன்னு தெரியலன்னா படிக்கறவருக்கு யார் பின்னாடி போறதுன்னு தெரியாது. பாதியிலேயே கோப்பை மூடிடுவார்."

கதாநாயகன் என்றால் சண்டை போடுகிறவன், நல்லவன், கெட்டிக்காரன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். யாருக்கு ஒன்று வேண்டுமோ, அது கிடைக்காவிட்டால் யாருக்குச் சோறு இறங்காதோ, அவர்தான் கதையின் முதல் ஆள். அவர் நல்லவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கோபத்தில் வருகிறவர்கள் தங்கள் எதிரியை முதல் ஆளாக்கிவிடுகிறார்கள். பயத்தில் வருகிறவர்கள் அதிகாரியை ஆக்குகிறார்கள். பாசத்தில் வருகிறவர்கள்தான் ரொம்பக் கஷ்டம் என்பாள். அவர்கள் இன்னொருவரைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டுத் தாங்கள் ஓரமாக நின்றுகொள்வார்கள், கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார்கள்.

மனு கொடுப்பவர்தான் எப்போதும் முதல் ஆள் என்றும் இல்லை. ஒரு காவலாளி, தெருமுனையில் விளக்கு வேண்டும் என்று கேட்க வந்தவர், தன் பிறப்பிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பாப்பா அவரிடம், "ஐயா, உங்களுக்கு டார்ச் இருக்கு. அந்த வழியா வேலை முடிஞ்சு வர்ற பொண்ணுங்ககிட்ட இருக்கா?" என்றாள். மனுவில் அந்தப் பெண்கள் நடந்தார்கள். காவலாளி கடைசி வரியில் சாட்சியாக நின்றார். விளக்கு வந்தது.

பக்கத்து மேசைக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் கணினியில் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுப்பவர். இரண்டு கை இருந்தும் வலது சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே தட்டுவார். அதனால் ஒத்தவிரல் என்று பெயர். பத்து விரல்காரர்களை விட வேகம் என்பது அவர் வாதம். இருபது வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

"மீதி ஒன்பது விரலையும் வாடகைக்கு விட்டுடுங்களேன்" என்பாள் இவள்.

"உங்க கேள்வியை வாடகைக்குக் கொடுங்க, நான் விரலைத் தர்றேன்" என்பார் அவர்.

இனி என் தங்கையின் கணவரைப் பற்றி. நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் பம்பு இயக்குபவர். நிலையத்தின் ஊழியர் குடியிருப்பில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கதை சொல்வதில் மன்னன். பம்பு நின்ற கதை, குழாய் வெடித்த கதை, பாம்பு வந்த கதை. ஒரே கதையைப் பத்து முறை சொல்லியிருந்தாலும் பதினோராவது முறை அதில் புதிதாக ஒரு தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். எல்லாவற்றிலும் அவர்தான் நடுவில். பாப்பா சமையலறை வாசலில் நின்று, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். அந்தக் கதைகளில் அவள் வருவது ஒரே ஒரு வாக்கியத்தில்தான்: "இவ அப்ப தூங்கிட்டிருந்தா." அவர் கெட்டவர் இல்லை. அவளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. வீடு முழுக்க அவரே நிறைந்திருந்தார், அவ்வளவுதான்.

போன வருடம் பம்பு அறையில், பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தொண்ணூறு நாட்களில் வீட்டைக் காலி செய்யவேண்டும். இறந்தவரின் மனைவி தொடர்ந்து வசிக்க விரும்பினால் மனு கொடுக்கலாம். ஆனால் சொந்த வீடுள்ள பிள்ளைகள் இருந்தால், தக்க காரணம் காட்டினால்தான் பரிசீலிப்பார்கள்.

பிள்ளை இருக்கிறான். ஒரே மகன், ஏழு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் வேறு ஊரில். சொந்த வீடு, நல்ல வேலை. கடிதம் வந்த அன்றே போனில் கூப்பிட்டான்.

"அம்மா, பின்பக்க ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்து உட்கார்ந்தா போதும்."

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "உட்கார்ந்தா போதுமாம் அண்ணே."

"நல்ல பையன்" என்றேன். "அவ்வளவு தூரம் வேண்டாம்னா என் வீட்டுக்கு வந்துடு. உன் அண்ணி தனியாத்தான் இருக்கா."

"ம்" என்றாள். ஒரு சுமையை இறக்கி வைத்தேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து தன் மனுவை எழுதினாள். நான்கு பக்கம். எனக்குப் படிக்கக் கொடுத்தாள். படித்து முடிக்கும்போது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. வெள்ளம் வந்தபோது மாப்பிள்ளை மூன்று நாள் பம்பு அறையை விட்டு வெளியே வராமல் இருந்தது, இடுப்பளவு தண்ணீரில் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றியது, முப்பத்தொரு வருடத்தில் பதினான்கு நாள் மட்டுமே விடுப்பு எடுத்தது. தீயணைப்பு வண்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் உண்மை, எல்லாம் அளவாக. இப்படி எழுதத் தெரிந்தவள் என் தங்கை என்று அன்று மனசுக்குள் எனக்கு ஒரே பெருமை. அந்த வீட்டை அவளுக்குக் கொடுக்காமல் இருக்க யாருக்கு மனம் வரும் என்று நினைத்தேன்.

கொடுத்து இருபத்து மூன்றாம் நாள் மனு திரும்பி வந்தது. மேலே ஒரு சிறு குறிப்பு ஊசி குத்தி இணைக்கப்பட்டிருந்தது.

"மறைந்த ஊழியரின் பணி விவரிக்கப்பட்டுள்ளது. மனுதாரரின் தேவை என்னவென்று மனுவிலிருந்து தெரியவில்லை. பதினைந்து நாட்களுக்குள் ஒரு முறை மட்டும் மறுமனு அளிக்கலாம்."

பாப்பா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை. மனசாட்சி இல்லாதவர்கள் என்று ஏதேதோ சொன்னேன்.

"சும்மா இரு அண்ணே. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. இந்தக் குறிப்பு வரக்கூடாதுன்னுதானே மத்தவங்களை நான் பாடாய்ப் படுத்தறேன்."

அன்று வீட்டுக்குப் போய் அந்த நான்கு பக்கத்தையும் கையில் பென்சிலோடு மறுபடி பார்த்தேன். எண்ணுவது எனக்குக் கைவந்த வேலை. 'என் கணவர்', 'அவர்', 'அன்னார்' எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. 'நான்' என்பது இரண்டே இடம். ஒன்று, "நான் அவருடைய மனைவி." இன்னொன்று கையெழுத்துக்கு மேலே. முதல் தடவை படித்தபோது இது என் கண்ணில் படவில்லை. அவளைத் தேடிப் படிக்கவே இல்லை என்பதுதான் காரணம்.

பதினைந்து நாளில் ஒன்பது நாள் போய்விட்டது. காலையில் மேசைக்குப் போவாள், வருகிறவர்களுக்கு எழுதித் தருவாள். கூட்டம் குறைந்ததும் ஒரு தாளை எடுப்பாள். ஒரு வரி எழுதுவாள். மடித்து வைத்துவிடுவாள். பத்தாம் நாள் வியாழக்கிழமை, எனக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். மேசை மேல் மடித்த தாள்கள் ஏழு இருந்தன. ஏழும் 'என் கணவர்' என்றே தொடங்கின.

"என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு அண்ணே? இத்தனை வருஷமா எழுதினது எல்லாம் அடுத்தவங்களது" என்றாள். குரலில் அழுகை இல்லை. நாள் முழுக்க நின்ற கால் போல அந்தக் குரல் ஓய்ந்திருந்தது. சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

பக்கத்து மேசையிலிருந்து ஒத்தவிரல் எட்டிப் பார்த்தார். "என்ன மனுக்கா, உங்க மனுவே திரும்பி வந்துடுச்சாமே? வெளிய தெரிஞ்சா கடைக்குப் பேர் கெட்டுடும்."

"உங்க வேலையைப் பாருங்க."

"அதைத்தான் பாக்கறேன்." எழுந்து வந்தார். பாப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "எழுந்திரிங்க."

"என்னது?"

"எழுந்து அந்தப் பக்கம் உட்காருங்க. இந்த நாற்காலியில உட்கார்ந்தா உங்களுக்கு உங்களைத் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தேன். திட்டிக்கொண்டே எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், முக்காலியில் உட்கார்ந்தாள். அது அவளுக்கு உயரம் குறைவு. முழங்கால் மேலே வந்துவிட்டது. "இதுல எப்படித்தான் இத்தனை பேர் உட்கார்ந்தாங்களோ" என்றாள். ஒத்தவிரல் தன் கணினியை இவள் மேசைக்கு இழுத்து வைத்துக்கொண்டு, வலது விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

நாற்பது நிமிடம் பேசினாள். முழுக்க மாப்பிள்ளைதான். அவர் பம்பின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவது, வீட்டுக் குழாயைத் திறந்தால்கூட அழுத்தம் குறைகிறதா என்று காதை வைத்துக் கேட்பது. ஒத்தவிரல் ஒரு எழுத்துக்கூடத் தட்டவில்லை. அவள் ஓய்ந்ததும் விரலை இறக்கினார்.

"சரி. இதுல நீங்க யாரு?"

பாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கேள்வியை எடுத்து என்கிட்டயேவா?"

"இருபது வருஷமா பக்கத்துல உட்கார்ந்து கேட்ட படிப்பு. சும்மா போகுமா? பதில் சொல்லுங்க. வீடு கிடைக்கலன்னா என்ன ஆகும்?"

"பையன் வீட்டுக்குப் போவேன்."

"போனா?"

"போனா என்ன? நல்லா இருப்பேன். மருமகளும் நல்ல பொண்ணு."

"அப்புறம் எதுக்கு மனு? எழுந்திரிங்க, அடுத்த ஆள் உட்காரட்டும்."

அவள் எழுந்திருக்கவில்லை. படியில் யாரோ ஏறிப் போகும் சத்தம் எங்கள் தலைக்கு மேலே கேட்டது. வெகுநேரம் மேசையின் விளிம்பையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "காலையில எட்டரைக்கு நான் எங்க போவேன்?" என்றாள்.

ஒத்தவிரல் மறுபடி விரலைத் தூக்கினார்.

"அங்க போனா சாப்பாடு வரும், டிவி இருக்கு, எல்லாம் இருக்கு. 'மனுக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க'ன்னு யாரு வருவாங்க? எனக்கு இந்த மேசைதான் வேணும். வீடு இங்க இருந்தாத்தான் மேசை இருக்கும்."

"அதைத்தானே எழுதணும்."

"எப்படி எழுதறது? பெத்தவ பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? அவன் என்னவோ கொடுமை பண்றான்னுதானே. அந்தக் கோப்பு எத்தனை பேர் கைக்குப் போகும்? என் பையன் மேல ஒரு குத்தம் கிடையாது. செத்துப் போன மனுஷனைப் பத்தி எழுதினா யாருக்கும் வலிக்காது. அதான் அவரையே எழுதினேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று.

"ஒரு மனுவுல கெட்டவன் ஒருத்தன் இருந்தே ஆகணுமா மனுக்கா? நீங்கதானே போன மாசம் ஒருத்தர்கிட்ட, யாரும் கெட்டவங்க இல்லாமலே ஒருத்தருக்கு ஒண்ணு வேண்டி இருக்கலாம்னு சொன்னீங்க?"

"அடுத்தவங்களுக்குச் சொல்ல என்ன..." என்று இழுத்தவள், திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணே, போய் மூணு டீ வாங்கிட்டு வா."

"சோறு இன்னும் அப்படியே..."

"போ அண்ணே."

போனேன். திரும்பி வரும்போது அவள் சொல்ல அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க முற்றுப்புள்ளி வைங்க."

"வைக்கறேன்."

"இன்னும் வைக்கல."

"மனுதாரர் மனுதாரர் மாதிரி உட்காருங்க. தட்டறது நானு."

என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தாளை அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம் காட்டவில்லை. பதினோராம் நாள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினாள்.

விசாரணைக்கு மதியம் இரண்டரைக்கு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். நான்கே கால் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். மேசையின் இரண்டு பக்கமும் கோப்புகள் தோளுயரத்துக்கு இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி வகுப்பு எடுக்கும் ஆசிரியை போன்ற குரலில் மனுவை வாய்விட்டுப் படித்தார். அப்போதுதான் நான் அதைக் கேட்டேன்.

"எனக்கு வயது ஐம்பத்து நான்கு. இவ்வலுவலகத்தின் எதிர்க் கட்டடத்தில் மனு எழுதும் வேலை செய்கிறேன். குடியிருப்பிலிருந்து என் மேசைக்கு நடந்து வரப் பதினெட்டு நிமிடம் ஆகிறது. பேருந்து மாறி வந்து போக என் முழங்கால் இடம் கொடுக்காது. என் மகன் நல்லவன். என் அண்ணனும் நல்லவர். இருவரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அங்கே எனக்கு ஒரு குறையும் இருக்காது. வேலையும் இருக்காது. என் கணவரின் பணிக்காக இந்த வீட்டை நான் கேட்கவில்லை. என் வேலைக்காகக் கேட்கிறேன்."

நான் சுவரைப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து அந்த மேசைக்கு இரண்டு பேருந்து. அவளைக் கூப்பிட்டபோது அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இதை நீங்களேதான் எழுதினீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க மேடம். தட்டினது வேற ஒருத்தர்."

"முன்னாடி கொடுத்தது ரொம்ப நல்லா இருந்துச்சு. படிச்சிட்டு ரெண்டு நாள் அந்த மனுஷனையே நினைச்சிட்டிருந்தேன். ஆனா அவருக்கு நான் எப்படிம்மா வீடு கொடுக்கறது?"

பாப்பா தலையை ஆட்டினாள்.

"பையன் நல்லா பாத்துக்க மாட்டாரா?"

"நல்லா பாத்துக்குவான் மேடம். பாத்துக்கற அளவுக்கு நான் இன்னும் ஆகல."

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து அந்தப் பதிலை ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். "தகவல் வரும், போங்க" என்றார்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் தகவல் வந்தது. இரண்டு அறை வீடு கிடையாது. அது பணியில் இருக்கும் பம்பு இயக்குபவருக்கு உரியது. மனுதாரரின் தொழிலைக் கருத்தில் கொண்டு, அதே குடியிருப்பின் பின்கட்டடத்தில், இரண்டாம் மாடியில், காலியாக உள்ள ஒற்றை அறை ஒதுக்கப்படுகிறது. அவர் தொழில் செய்யும் வரை, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

"முழங்கால்னு தெளிவா எழுதியிருந்தும் இரண்டாவது மாடியா?" என்றேன்.

"பேருந்துக்குத்தானே முழங்கால்னு எழுதினேன். மாடிக்கு எழுதலையே" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடிதத்தில் தன் பெயருக்கு நேரே 'மனுதாரரின் தொழில்' என்று இருந்த இடத்தை மட்டும் விரலால் ஒருமுறை தடவினாள்.

வீடு மாற்றுவதற்கு மகன் வந்தான். இரண்டு அறைச் சாமானை ஒரு அறையில் அடக்க முடியாது. எதை விடுவது என்று பாதி நாள் போயிற்று. மாப்பிள்ளையின் பெரிய நாற்காலி கதவில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம். கடைசியில் அதைப் புதிதாக வந்த பம்பு இயக்குபவருக்கே கொடுத்துவிடச் சொன்னாள். "அவருக்காவது உட்கார நேரம் இருக்கான்னு பார்ப்போம்" என்றாள். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகன்தான் பார்த்தான்.

அவன் காலையிலிருந்தே சரியாகப் பேசவில்லை. கட்டிலின் கடைசிப் பலகையைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மாமா சொன்னார். நான் நல்லவன்னு சர்க்கார் பேப்பர்லயே எழுதிக் கொடுத்தீங்களாம். அப்புறம் ஏன்மா வரமாட்டேங்கறீங்க?"

"நல்லவன் வீட்டுலயும் சும்மாதானேடா உட்காரணும்."

"என் கூட வேலை செய்யறவங்க எல்லாம் கேக்கறாங்க. அம்மா ஏன் வரல, பொண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் ஆகலையான்னு. நான் என்ன சொல்ல?"

"அம்மாவுக்கு வேலை இருக்குன்னு சொல்லு."

"அந்த வேலைக்கு இந்தப் பாடா?"

"ஆமா" என்றாள்.

அவன் பலகையை எடுத்துக் கட்டிலில் பொருத்தினான். ஏற்றுக்கொண்டான் என்று சொல்ல முடியாது. பின்பக்க அறையில் இப்போது துணி காயப் போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னான். மாலை ஐந்து மணிப் பேருந்துக்குக் கிளம்பும்போது அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள், அவன் குனிந்து நின்றான். படியில் அவன் இறங்கும் சத்தம் வேகமாகக் கேட்டது. அவனுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

அவளுக்கு அந்தப் படி முப்பத்தாறு. நான் எண்ணினேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாள். இறங்க நான்கு நிமிடம், ஏற ஒன்பது. முதல் மாடியில் ஒருமுறை உட்காருகிறாள். காலையில் முன்பு எட்டரைக்கு மேசையில் இருக்க எட்டேகாலுக்குக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புவாள். இப்போது எட்டு மணிக்கே அறையைப் பூட்டுகிறாள்.

போன வியாழக்கிழமை போயிருந்தேன். அவள் மேசையிலிருந்து வந்து அப்போதுதான் ஏறி முடித்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பையைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"கஷ்டமா இருக்கா பாப்பா?" என்றேன்.

"இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்குப் பதினொரு பேர் வந்தாங்க அண்ணே" என்றாள். பிறகு காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் அவள் தோளிலிருந்த பையை மெல்லக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.